இடைவழியிற் கற்ற வரலாறு

பல்கலைக்கழகத்துக்கு வெளியே, ஆனால் பல்கலைக்கழகத்தை நோக்கியவாறு கற்கப்படும் கல்வியை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா நம்மிடையே பெரிதும் எழுப்பப்படுவதில்லை. எழுப்பப்படும் வேளையிலும் அது நிருவாக வினாவாகவே அமைந்துவிடுகின்றது. எத்தனை பாடங்களிற் சித்தியெய்தினார், எந்தப் பரீட்சை எதற்குச் சமம், எந்த ஆண்டில் அவரைச் சேர்ப்பது என்பனவே பேசப்படுகின்றன. இவை தேவையான வினாக்களே. ஆயினும் இவற்றுக்கு அடியில் வேறொரு வினா கிடக்கின்றது. இடையிலுள்ள ஒரு நிலையத்தில் ஒருவர் கற்றது பல்கலைக்கழகக் கல்விக்கு ஓர் ஆயத்தம் மட்டுந்தானா, அன்றி அது தன்னளவிலேயே ஓர் அறிவா? அறிவாயின், அதனைச் சுமந்துகொண்டு உள்ளே வருபவர் அதற்காக யாருக்குக் கடன்பட்டவர்? வரலாறு என்னும் ஒரு பாடத்தையும் நான் நன்கறிந்த ஒரு நிலப்பகுதியையும் கொண்டு இவ்வினாவை ஆராய முற்படுகின்றேன். பிற பாடங்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை அவ்வப் பாடத்தோரே கூறவேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய இடைநிலையத்துக்கு ஒரு நிலையான பெயரும் இடமும் உண்டு. அவர்கள் அதனைச் சமுதாயக் கல்லூரி என்பர். 1901ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்து ஜோலியற் நகரில் தொடங்கப்பெற்ற இளநிலைக் கல்லூரி அவ்வகையிற் பழமையானது. 1960இல் கலிபோர்னியா மாநிலம் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம், பள்ளியிறுதி மாணவருள் மேல் எட்டிலொரு பங்கினரை ஆய்வுப் பல்கலைக்கழகத்துக்கும் மேல் மூன்றிலொரு பங்கினரை மாநிலக் கல்லூரிகளுக்கும் உரியோராக்கியது. எஞ்சியோர் அனைவருக்கும் இளநிலைக் கல்லூரியின் கதவைத் திறந்துவைத்ததோடு, அங்கு ஈராண்டு கற்றுத் தேறியோர் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லும் வழியையும் வகுத்தது. வழி வகுக்கப்பட்டது என்பதும் அவ்வழியே எல்லோரும் சென்றனர் என்பதும் ஒன்றல்ல. எனினும், பதினெட்டு வயதில் எழுதிய ஒரு பரீட்சை ஒருவருடைய அறிவுத் தகுதியை என்றென்றைக்குமாகத் தீர்மானித்துவிட முடியாது என்னும் ஏற்பு அத்திட்டத்தில் இருந்தது.

இலங்கையில் அத்தகைய ஏற்பு நிலைபெறவில்லை. 1969இல் தொடங்கப்பட்ட இளநிலைப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியோடு மறைந்துபோயின. 1991இல் தோன்றிய இணைப்புப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சில ஆண்டுகளில் தாமே பல்கலைக்கழகங்களுக்குக் கருவாகிவிட்டமையால் இடைநிலையம் என்ற தன்மையை இழந்தன. 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகமும், பல்கலைக்கழகங்கள் நடத்தும் வெளிவாரிப் பரீட்சைகளுமே இன்று எஞ்சியுள்ள இடைவழிகள். உள்வாரி, வெளிவாரி என்னும் சொற்களிலேயே வேலி ஒன்று நிற்பதைக் காணலாம்.

இவ்விடத்தில் நாம் வசதியாக மறந்துவிடும் ஒரு செய்தியை நினைவூட்டுதல் தகும். 1921இற் கொழும்பில் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் இருக்கவில்லை. அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளையே எழுதினர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை, இருபத்தோர் ஆண்டுக் காலம் இந்நாட்டின் பல்கலைக்கழகக் கல்வி வெளிவாரிக் கல்வியாகவே இருந்தது. நாம் பெருமையோடு பெயர்சொல்லும் முதல் தலைமுறை அறிஞர் பலர் கடல் கடந்த ஒரு நிறுவனத்தின் வெளிவாயிலில் நின்று பட்டம் பெற்றவர்கள். அவர்களை எவரும் வெளிவாரிகள் எனக் குறைத்துப் பேசியதில்லை. குறைத்துப் பேசும் வழக்கம், வேலிக்கு உட்புறம் நமக்கென ஓரிடம் கிடைத்த பின்னர் நம்மிடையே தோன்றியது.

இனி என் ஊருக்கு வருகின்றேன். றொசல்ல என்பது வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையிலுள்ள ஒரு சிறு புகையிரத நிலையமும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களும் ஆகும். 1874இல் நாவலப்பிட்டி வரை வந்திருந்த இருப்புப்பாதை 1884இலேயே அட்டனை அடைந்தது. கோப்பியை நம்பி மலையேறத் தொடங்கிய பாதை அது; அட்டனைச் சேர்ந்தபோது கோப்பி இலைநோயால் அழிந்துகொண்டிருந்தது, பெட்டிகளில் ஏறியது தேயிலை. அதே பாதையிற் கீழிறங்கினாற் பேராதனை. சில மணித்தியாலப் பயணம். உயர்தரப் பரீட்சையிற் போதிய புள்ளி பெறாத எனக்கு அப்பயணம் ஒன்பது ஆண்டுகள் எடுத்தது. முதலில் வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டத்துக்குப் படித்து, அதன் பின்னரே முதுகலை மாணவனாக வளாகத்துள் நுழைந்தேன்.

அவ்வொன்பது ஆண்டுகளிற் பெரும்பகுதி, அட்டன் நகரில் ஒரு கடைக்கு மேலிருந்த கூடத்தில், சனி ஞாயிறு தினங்களிற் கழிந்தது. பெயர்ப்பலகை இல்லாத வகுப்பு அது. அதனை நடத்தியவர் தாமும் வெளிவாரியாகவே பட்டம் பெற்று, ஓய்வு பெற்றிருந்த ஒரு பாடசாலை ஆசிரியர். நாங்கள் பதினான்கு பேர். தோட்டப் பாடசாலைகளின் தொண்டராசிரியர் சிலர், தோட்டக் காரியாலயத்து எழுதுவினைஞர் ஒருவர், முச்சக்கர வண்டி ஓட்டுநர் ஒருவர், பிள்ளைக்காம்பராவிற் பொறுப்பாக இருந்த ஒரு பெண் ஆகியோர் அதில் அடங்குவர். மழைக்காலத்திற் தகரக் கூரையின் ஓசையில் ஆசிரியர் குரல் கேளாது. அவ்வேளைகளில் அவர் எழுதிக் காட்டுவார், நாங்கள் பார்த்தெழுதுவோம். பாடத்திட்டமோ அநுராதபுரத்துக் குளங்களிலிருந்து பிரெஞ்சுப் புரட்சிவரை நீண்டு கிடந்தது. எம் முன்னோரைப் பற்றிய பகுதி ‘பெருந்தோட்டப் பொருளாதாரம்’ என்னும் தலைப்பின் கீழ் வந்தது. அதில் ஏக்கர்க் கணக்கும் ஏற்றுமதிக் கணக்கும் இருந்தன. மனிதர் ‘தொழிலாளர் வழங்கல்’ என்னும் உபதலைப்பில் இருந்தனர்.

அப்பகுதி கற்பிக்கப்பட்ட நாளில் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. மலையகத்தில் எல்லோரும் அறிந்த ஒரு கதை உண்டு. தேயிலைத் தூரைத் தோண்டினாற் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டிக் கங்காணிமார் எம் முன்னோரைக் கண்டிச் சீமைக்கு அழைத்து வந்தனர் என்பது அது. தொண்டராசிரியர் ஒருவர் இதனை ஆட்சேர்ப்பு வரலாற்றுக்கு ஒரு சான்றாக எடுத்துச் சொன்னார். எங்கள் ஆசிரியர் உடனே, “தேயிலையா, கோப்பியா?” என்று கேட்டார். மலைநாட்டிற் பெருந்தோட்டங்கள் பரவியது 1830களிலும் 1840களிலும். அக்காலத்தில் இங்கே பயிரானது கோப்பி. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டது 1867இல். அது மலையெங்கும் பரவியது 1880களில். ஆகவே முதன்முதல் வந்தவர்களுக்குத் தேயிலைத் தூரைக் காட்டி எவரும் ஆசை மூட்டியிருக்க முடியாது. கதை பொய் என்று வகுப்பு முடிவுகட்டத் தயாராயிற்று.

ஆசிரியர் அதனை ஏற்கவில்லை. கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள்; ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டியிருந்த தேயிலையே குடும்பங்களை இங்கு நிலைநிறுத்தியது. இன்றுள்ள குடும்பங்களுட் பல தேயிலைக் காலத்தில் வந்தவையாக இருத்தல் கூடும். அவர்களைப் பொறுத்தவரை கதையிற் காலமுரண் இல்லை என்றார். இருபக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றிய அந்த நிலையிலே பிள்ளைக்காம்பராப் பெண்மணி வாய் திறந்தார். அவர் கேட்டது இதுதான்: திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து வறண்ட ஊரில் இருந்த ஒரு பள்ளருக்கோ பறையருக்கோ மாசியின் சுவை எப்படித் தெரியும்? கடற்கரை ஊரவர் அறிந்திருக்கலாம். ஆனால் தேங்காயோடு மாசியைச் சேர்த்து அதனை ஒரு செல்வமாக நினைப்பவர், இலங்கைச் சமையலுக்குப் பழகியவராக அல்லவா இருக்கவேண்டும்?

கூடத்தில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. வரலாற்றாசிரியர் சான்றின் அகத்திறனாய்வு என்று கூறும் முறை இதுவேயாகும். அக்கூற்றின்படி, கதை இந்தியக் கிராமத்தில் கங்காணியின் வாயிற் பிறந்தது என்பது ஐயத்துக்குரியதாகின்றது. அது இங்கே, லயத்திற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ, தம் முன்னோர் ஏன் வந்தனர் என்று தமக்குத் தாமே விளக்கிக்கொண்ட கதையாக இருத்தல் சாலும். அங்ஙனமாயின் அது ஆட்சேர்ப்பைப் பற்றிய சான்றன்று. ஏமாற்றப்பட்டோம் என்னும் உணர்வு ஒரு சமூகத்திற் பின்னர் எவ்வாறு உருப்பெற்றது என்பதற்குச் சான்று. முன்னையதிலும் பின்னையது பெறுமதி குறைந்ததன்று. இம்முடிபு முழுமையாக நிறுவப்பட்டது என நான் கூறவரவில்லை; மாற்று விளக்கங்களும் இருக்கக்கூடும். இத்தகைய வினாவை அங்கிருந்த பதினான்கு பேருள் ஒருவரே எழுப்பினார் என்பதும், அவ்வினா எந்த நூலிலிருந்தும் வரவில்லை என்பதும், அவர் அன்றாடம் அரைத்த சம்பலிலிருந்து வந்தது என்பதுமே நான் சொல்லவந்தவை.

இத்தகைய நிலையங்களிற் கற்போரின் அறிவைப் பற்றி ஆங்கில நாட்டில் இருவர் செய்த ஏற்பினை ஈண்டு கருதலாம். ஆர். எச். டோனி 1908 முதல் ரொச்டேல், லோங்ரன் நகரங்களிற் தொழிலாளர் கல்விச் சங்கத்தின் வகுப்புகளை நடத்தினார். நெசவாளரும் மட்பாண்டத் தொழிலாளரும் அவருக்கு மாணவர். பதினாறாம் நூற்றாண்டின் நிலவுடைமைச் சிக்கலைப் பற்றி அவர் 1912இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில் அம்மாணவருக்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாகவே கூறியுள்ளார். ஈ. பி. தொம்சன் 1948 முதல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் புறநிலைக் கல்விப் பிரிவில் மாலை வகுப்புகள் எடுத்தவர். ஆங்கிலத் தொழிலாளர் வகுப்பின் உருவாக்கம் பற்றிய அவரது 1963ஆம் ஆண்டுப் பெருநூல் அவ்வகுப்புகளின் சூழலிலேயே எழுந்தது. இவ்விருவரும் விரிவுரையாளர் என்ற நிலையில் நின்று கீழிறங்கிச் சென்றவர்கள். கீழிருந்து மேலேறி வருபவரின் நிலை வேறு. டோனி தம் கடனைக் கூறியபோது அது அவருக்குப் பெருமை சேர்த்தது. மேலேறி வரும் மாணவன் அதே கடனைக் கூறினால் அவன் எங்கிருந்து வந்தான் என்பதே வெளிப்படும். இந்த வேறுபாடு சிறியதன்று; இக்கட்டுரையின் பிற்பகுதி இதனைப் பற்றியது.

அதற்கு முன்னர் ஆவணம் என்னும் பொருள்பற்றிக் கூறவேண்டும். வரலாற்றுத் துறையில் எவரும் முதலிற் கற்பது ஆவணமின்றி வரலாறில்லை என்பதாகும். மலையகத் தமிழனுக்கு அத்தொடர் வரலாற்று வகுப்பில் முதன்முறையாகக் கேட்பதன்று. அவன் பாட்டனார் அதனைச் சட்டமாகக் கேட்டவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், வழித்தோன்றல் முறையாற் குடியுரிமை கோருபவர் தம் தந்தை இலங்கையிற் பிறந்தமையையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தமையையோ காட்டவேண்டும் என்றது. அத்தகைய கடதாசி சிங்களக் கிராமத்து விவசாயி பலரிடத்தும் இருந்திராது. ஆனால் அவரிடம் எவரும் கேட்கவில்லை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடைவிடாது இந்நாட்டில் வதிந்தமையை நிரூபிக்கக் கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 134,000 பேருக்கே அச்சட்டத்தின்கீழ்க் குடியுரிமை கிடைத்தது. பின்னர் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியோரை 525,000, 300,000 எனத் தொகை தொகையாகப் பங்கிட்டது. விடுபட்ட 150,000 பேர் 1974இல் இருபாதியாக்கப்பட்டனர். 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களோடேயே நாடற்றோர் என்னும் நிலை முடிவுக்கு வந்தது.

என் அப்பாயியின் அடையாள அட்டையிலுள்ள பிறந்த திகதி ஓர் எழுதுவினைஞரின் ஊகம். அவர் தாம் பிறந்த ஆண்டை, ‘பெரிய மண்சரிவுக்கு அடுத்த காமன்கூத்தின்போது’ என்றுதான் சொல்வார். அவருடைய வாழ்வுக்கு எழுத்துச் சான்று தேடினாற் கிடைப்பது செக்ரோல் ஒன்றே. அதிலே எம்மவர் வழக்கின் ஒரு சொல் கவனத்துக்குரியது. ஒரு நாள் வேலையைத் தோட்டத்திற் ‘பேர்’ என்பர். நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. அதாவது பெயர் என்னும் சொல், ஆளைச் சுட்டுவதை விட்டு, ஆள் செய்த வேலையைச் சுட்டுவதாயிற்று. பெர்குசனின் இலங்கைக் கையேட்டைப் புரட்டினால் ஒவ்வொரு தோட்டத்தின் பெயரும் ஏக்கரும் துரையின் பெயரும் காணக்கிடைக்கும். கொழுந்தெடுத்தவர் பெயர் அதில் இல்லை. இருக்க வேண்டிய தேவை அதனைத் தொகுத்தோருக்கு இருக்கவில்லை.

முதுகலை வகுப்பின் கருத்தரங்கொன்றில் நான் அப்பாயியின் கூற்றுகளைக் கொண்டு ஒரு கட்டுரை வாசித்தபோது, இதற்கு ஆவணம் எங்கே என்று கேட்கப்பட்டது. அன்று அவ்வினா என்னைப் புண்படுத்தியது. குடியுரிமைக் காரியாலயத்தின் குரலையே மீண்டும் கேட்பதாக எண்ணினேன். இன்று அவ்வாறு எண்ணவில்லை. கேட்டவர் கேட்கவேண்டியதையே கேட்டார். மாசிக் கதையை நாங்கள் அட்டன் கூடத்திற் கேட்டவுடன் நம்பியிருந்தால், அப்பெண்மணியின் வினாவே எழுந்திராது. ஐயம் வரலாற்றறிவின் பகைவன் அன்று. பாட்டி சொன்னாள் என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது; ஒடுக்கப்பட்டோர் சொல்வதெல்லாம் சான்று என்று கொள்வது அவர்களை மதிப்பதன்று, அவர்களோடு வாதிடத் தேவையில்லை என்று கருதுவதாகும். அண்மைக் காலத்தில் எம்மிடையே இத்தகைய எழுத்து மிகுந்து வருகின்றது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

எனினும் சட்டத்தின் ஐயமும் வரலாற்றின் ஐயமும் ஒன்றல்ல. இரண்டும் ஆவணம் கேட்கின்றன. ஆனால் ஆவணம் இல்லாதபோது அவை செய்வது வேறு. நிரூபிக்கும் சுமையைச் சட்டம் விண்ணப்பதாரர் தலையில் வைத்தது. கடதாசி இல்லையாயின் அது அவர் குறை, கோவை மூடப்படும். வரலாற்றாசிரியருக்கோ அச்சுமை தம்முடையது. கடதாசி இல்லையென்பது அவருக்கு விசாரணையின் முடிவன்று, தொடக்கம். யாருக்குக் கடதாசி எழுதப்பட்டது, யாருக்கு எழுதப்படவில்லை, எழுதாமல் விட்டதால் யார் பயனடைந்தனர் என்று அவர் கேட்டாகவேண்டும். கருத்தரங்கிற் கேட்கப்பட்ட வினாவில் எனக்குக் குறையாகத் தோன்றுவது அது கேட்கப்பட்டமையன்று, அத்துடன் நின்றுவிட்டமையே. நானும் அன்று மேலே எடுத்துச் செல்லும் ஆற்றலின்றி அமர்ந்துவிட்டேன்.

இடைவழியிற் கற்றவர்கள் இந்த வேறுபாட்டை நூலின் துணையின்றியே உணர்ந்திருப்பர் என்று கருத இடமுண்டு. கோவை மூடப்பட்ட வீடுகளிலிருந்து அவர்கள் வருகின்றனர். மலையகத்தின் வரலாற்றை முதலில் எழுத முற்பட்டோரும் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளுக்கு வெளியே நின்றவர்களே. தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை 1947இற் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர், தொழிற்சங்கத்தவர், கவிஞர். கோ. நடேசய்யரின் வாழ்வை எழுதிய சாரல்நாடனையும் எந்த வரலாற்றுத் துறையும் உருவாக்கவில்லை. இவர்களுடைய நூல்களின் முறையியலிற் குறை காண்பது எளிது, நானும் கண்டிருக்கின்றேன். ஆனால் அவர்கள் தேடியிராவிடிற் பின்வந்த முறையியலாளருக்குத் திருத்துவதற்கும் ஏதும் இருந்திராது.

ஆகவே, முதலில் எழுப்பிய வினாவின் முற்பாதிக்கு என் விடை: இடைநிலையத்திற் கற்றது ஆயத்தம் மட்டுமன்று. பல்கலைக்கழகம் கற்பிக்கக்கூடியவற்றை அது குறைவாகவே கற்பிக்கின்றது என்பதில் ஐயமில்லை. எங்கள் கூடத்தில் நூலகம் இருக்கவில்லை. மூல ஆவணம் ஒன்றை நான் கையிற் தொட்டது கொழும்புச் சுவடிக்கூடத்துக்குச் சென்ற பின்னரே. ஆங்கில நூல்களை நிழற்படிகளில், அதுவும் பக்கம் விடுபட்ட நிழற்படிகளிற் படித்தோம். இக்குறைகளைப் போற்றிப் பாடுவது வறுமையைப் பாடுவதே. ஆனால் பல்கலைக்கழகம் கேட்க நினையாத வினாக்கள் அங்கே கேட்கப்பட்டன. அவ்வினாக்களைக் கொணர்ந்த மாணவனைச் சேர்த்துக்கொண்டு, வினாக்களை மட்டும் வாயிலில் விட்டுவிட்டு வரச்சொல்லும் நிறுவனம் அவனைப் பாதியளவே சேர்த்துக்கொண்டதாகும்.

பிற்பாதி வினாவே கடினமானது. நிறுவனத்தின் கடமையைப் பற்றிப் பேசுவது எளிது; மாறிச் செல்லும் மாணவனின் கடமை பேசப்படுவதில்லை. அவன் முன் இரு சபலங்கள் உள. ஒன்று, வந்த வழியை மறைத்தல். மற்றது, வந்த வழியையே ஒரு விருதாக அணிந்து, எதிர்வாதத்துக்கெல்லாம் அதனையே விடையாக்குதல். இரண்டாவதிலே நான் விழவில்லை என நம்புகின்றேன். முதலாவதில் விழுந்தேன்.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் மாசிக் கதையைப் பற்றியது. காலமுரண் பற்றிய வாதமும், தேயிலைக் காலக் குடியேற்றம் பற்றிய மறுப்பும், இறுதியாக இலங்கைச் சமையலைக் கொண்டு கதையின் பிறப்பிடத்தை ஊகிக்கும் வாதமும் அதில் முறையாக அடுக்கப்பட்டுள்ளன. பரீட்சகர் இருவருமே அந்த மூன்றாவது வாதத்தைத் தனித்து எடுத்துப் பாராட்டினர். அதற்கு அடிக்குறிப்பு இல்லை. அதற்கு முன்னும் பின்னுமுள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் அடிக்குறிப்பு உண்டு. அச்சிட்ட நூல், பக்க எண், ஆண்டு எல்லாம் உண்டு. அட்டனில் ஒரு கடைக்கு மேலிருந்த கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைக்காம்பராவிற் பணிபுரிந்த ஒருவர் சொன்னது என்று எழுதுவதற்கு எனக்குக் கற்பிக்கப்பட்ட மேற்கோள் முறையில் இடமிருக்கவில்லை. வாய்மொழிச் சான்றாக அவரைக் குறித்திருக்கலாமே எனின், அவர் எனக்குத் தகவல் தந்தவர் அல்லர். தகவல் என் கையிலும் இருந்தது. அவர் தந்தது வாதம். தகவலாளர் பட்டியலிற் தோட்டத்துப் பெண் ஒருவரைச் சேர்க்க எங்கள் துறைகள் தயங்குவதில்லை. வாதத்துக்கு உரியவராக அவரைக் காட்டுவதற்கே படிவம் இல்லை.

படிவம் இல்லை என்பது என் பழியைக் குறைக்குமா? குறைக்காது என்றே எண்ணுகின்றேன். ஒரு வரி எழுதியிருக்கலாம், எவரும் தடுத்திருக்கமாட்டார்கள். அவ்வரியை எழுதினால் நான் எங்கே படித்தவன் என்பது வாசிப்போருக்குத் தெரிந்துவிடும் என்று அப்போது தோன்றியதையும் இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். எழுதாமல் விட்டதனால் யார் பயனடைந்தனர் என்னும் வினாவை நான் துரைமாரின் பதிவேடுகளைப் பார்த்துக் கேட்கப் பழகியிருந்தேன். என் ஆய்வேட்டைப் பார்த்துக் கேட்கவில்லை. செக்ரோலில் வேலை இருந்தது, ஆள் இல்லை. என் மூன்றாம் இயலிலும் அவ்வாறே.

இது களவாகுமா, அன்றி எல்லா அறிவும் பலரிடமிருந்து வருவதே எனச் சமாதானம் கூறலாமா என்று நண்பர் சிலரோடு வாதிட்டதுண்டு. அறிவு பொதுவுடைமை என்னும் கருத்தில் எனக்கும் மதிப்புண்டு. ஆனால் அப்பொதுவுடைமையாற் பட்டமும் பதவியும் பெற்றவன் அதனை எடுத்துரைப்பது பொருந்தாது. அவ்வகுப்பிலிருந்து பட்டத்தை முடித்தவர் மூவர். வளாகத்துக்கு வந்தவன் நான் ஒருவன். அப்பெண்மணி இரண்டாம் பகுதிப் பரீட்சைக்கு விண்ணப்பித்த ஆண்டில் அவருடைய தாயார் நோயுற்றார். அதன் பின்னர் அவர் வகுப்புக்கு வரவில்லை.

சென்ற ஆண்டு மாரிக் காலத்தில் றொசல்ல புகையிரத நிலையத்தில் அவரைச் சந்தித்தேன். மலையிறங்கும் வண்டி தாமதமாகியிருந்தது. இன்னும் அதே பிள்ளைக்காம்பராவிற்தான் இருப்பதாகக் கூறினார். வீட்டார் நலம் விசாரித்த பின், “அந்த மாசிக் கதயப் பத்தி எழுதுனீங்களாமே தம்பி, பெரியவங்க என்ன சொன்னாங்க?” என்று கேட்டார். நல்ல வாதம் என்று ஏற்றுக்கொண்டார்கள், அக்கா, என்றேன். அவர் மகிழ்ச்சியோடு தலையசைத்தார். யாருடைய வாதமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று அவர் கேட்கவில்லை. வண்டி வந்தது.

ஆய்வேடு இப்பொழுது நூலாக அச்சேற இருக்கின்றது. மூன்றாம் இயலில் ஒரு வரி சேர்க்கப்பட்டுள்ளது. பெயரைக் குறிக்கலாமா என்று கேட்டு அவருக்குக் கடிதம் எழுதியுள்ளேன். மறுமொழி இன்னும் வரவில்லை.